ஜடையன் நலமாக இருக்கிறார்

ராமக்காளின் புருஷன் செத்து நாலரை வருஷம் ஆகியிருந்தது. சர்க்காருக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

அவள் சொல்லாமல் இல்லை. தாலூகா ஆபீசில் சொன்னாள், போலீஸ் ஸ்டேஷனில் சொன்னாள், நகரசபையில் சொன்னாள். ஒருமுறை வழி தவறி மாட்டாஸ்பத்திரிக்குள் நுழைந்து அங்கேயும் சொல்லிவிட்டாள். அங்கே இருந்தவர் ஒருவர்தான் அவளை உட்காரச் சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மற்ற இடங்களில் எல்லாம் ஒரே கேள்வி. பிணம் எங்கே?

பிணம் கிடையாது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் டிசம்பரில், காவிரித் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்று டெல்லியில் ஒரு காகிதம் வெளியானது. காகிதத்தை அச்சடித்தவர்கள் டெல்லியில் பத்திரமாக இருந்தார்கள். மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த தமிழ்க் கூலிகளின் பதினோரு குடிசைகள் எரிந்தன. ராமக்காள் முந்தின நாளே மகள் கனகாவோடு லாரி ஏறி, எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டி மேட்டூர்ப் பக்கம் போய்விட்டாள். ஜடையன் ஏறவில்லை. அவன் சென்ட்ரிங் வேலைக்காரன். கான்கிரீட் காயும்வரை தாங்கி நிற்கிற பலகையும் முட்டும் அடிக்கிற வேலை. "மேஸ்திரியோட பலகை அத்தனையும் ஊட்டுக்குள்ள கெடக்குது. உட்டுட்டு வந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது" என்று கேட்டான். அதுதான் அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது.

இருபது நாள் கழித்து வந்து பார்த்தால் இடம் சமமாகக் கிடந்தது. சாம்பலை லாரி வைத்து வாரிக்கொண்டு போயிருந்தார்கள், சுற்றிக் கம்பிவேலியும் போட்டாயிற்று. வேலிக்குள் கையை விட்டுத் துழாவியதில் அவனுடைய தூக்குக்குண்டு மட்டும் கிடைத்தது, சுவர் நேராக நிற்கிறதா என்று கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்த இரும்புக் குண்டு. அடுத்த சந்தில் இருக்கும் மல்லம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெளியே தாழ்ப்பாள் போட்டுத்தான் தீ வைத்தார்கள் என்று காதோடு சொன்னாள். நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். மல்லம்மா அதே சந்தில்தான் குடியிருந்தாக வேண்டும்.

ஆக, ராமக்காளுக்கு நடந்தது தெரியும். காகிதம்தான் இல்லை. காகிதம் இல்லாததால் எல்லையோர ஹனூரில் இருந்த கொழுந்தன் தொட்டையன் கருமாதிக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"உசுரோட இருக்கறவனுக்குக் கருமாதி பண்ணினா அந்தப் பாவம் என்ற தலைலதானுங்க அண்ணி உழுகும். ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் கொண்டாந்துருங்க. அடுத்த நாளே பண்ணிப் போடலாம்."

கருமாதி ஆகாததால் தாலி கழுத்திலேயே இருந்தது. நல்ல காரியங்களுக்குப் போனால் குங்குமச் சிமிழை நீட்டும் கை பாதி வழியில் நின்றுவிடும். நீட்டவா, வேண்டாமா என்று அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சாவு வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். எங்கேயும் போகாமல் இருப்பதே மேல் என்று ராமக்காள் தொழிற்பேட்டையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்து, குனிந்த தலை நிமிராமல் காலத்தைத் தள்ளினாள். ஆனால் மாதம் ஒருமுறை தாலூகா ஆபீசுக்குப் போவதை மட்டும் விடவில்லை.

அங்கே அவள் ஃபைலைப் பார்க்கும் கேஸ் ஒர்க்கர் கணேஷ்குமார் நல்ல மனிதர். அதாவது, இல்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஒருநாள் அவரே இரங்கி ஒரு வழி காட்டினார். "ஏதாவது ஒரு சர்க்கார் காகிதம் கொண்டு வாம்மா. எந்த இலாகாவா இருந்தாலும் சரி. அதுல உன் வீட்டுக்காரர் செத்துட்டார்னு ஒரு வரி, கீழ ஒரு முத்திரை. நான் பாத்துக்கறேன்."

எந்த இலாகாவாக இருந்தாலும் சரி என்று அவர் வாய்தவறிச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மைசூரில் அப்போது வட்டார வாழ்வியல் அருங்காட்சியகம் என்று ஒன்று இருந்தது. பஞ்சு வெளியே தெரியும் ஒரு பாடம் செய்த சிறுத்தை, தந்தி இல்லாத மூன்று வீணைகள், ஏதோ ஒரு திவான் குளித்த தொட்டி. இவ்வளவுதான் அதன் சொத்து. இதைக் காக்கப் பதினான்கு பேர் சம்பளம் வாங்கினார்கள். அவர்களுக்கு மேலே இயக்குநர் டாக்டர் சிவநஞ்சப்பா. அவர் அந்த வருஷம் வெளிநாட்டில் பதினெட்டு நாள் பயிற்சி எடுத்துவிட்டு, ஒரு தோல்பையும் ஒரு கொள்கையும் வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். இனிமேல் கண்காட்சியை அதிகாரிகள் உருவாக்கக் கூடாது, பார்வையாளர்களே உருவாக்க வேண்டும் என்பது கொள்கை. அதுவும் சாதாரணப் பொருளில் அல்ல. ஊரே வாய்திறக்க அஞ்சும் பொருளில். அவர் தேர்ந்தெடுத்தது காவிரிக் கலவரம். கண்காட்சியின் பெயர் 'நதியும் நாமும்'.

பாதிக்கப்பட்டவர்களைத் தேடி ஹெப்பாளுக்கு வந்தவள் லீலா, அருங்காட்சியகத்தின் உதவிக் காப்பாளர். மேல்கோட்டை ஐயங்கார் குடும்பம். வீட்டுக்குள் தமிழும் வெளியே கன்னடமுமாக வளர்ந்தவள். தொழிற்சாலை வாசலில் ராமக்காளைப் பிடித்து, அரை மணி நேரம் கேட்டு, கண் கலங்கி, நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"உங்காத்துக்காரர் போட்டோவையும் அந்தக் குண்டையும் எங்களுக்குக் கொடுங்கோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சு, அவருக்கு என்ன ஆச்சுன்னு கீழ எழுதி வைக்கிறோம். எல்லாரும் படிப்பா."

ராமக்காளுக்கு எல்லாரும் படிப்பது முக்கியமில்லை. "எழுதறதுக்குக் கீழ முத்திரை இருக்குமாங்க அம்மணி?" என்று கேட்டாள்.

லீலா சற்று யோசித்தாள். பெட்டிக்கு அடியில் வைக்கும் ஒவ்வொரு வாசகமும் இலாகாவின் ஆணையாக வெளியாகும், இயக்குநர் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார், நகலும் கிடைக்கும் என்றாள்.

அன்று மாலையே ராமக்காள் போட்டோவையும் குண்டையும் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, தாலூகா ஆபீசுக்கு ஒரு நகல் வேண்டும் என்றும் சொல்லிவைத்தாள். தாலூகா ஆபீஸ் நாலரை வருஷமாகத் தராததை ஒரு சிறுத்தை ஆபீஸ் தரப்போகிறது என்று அவள் நம்பினாள். அவளைப் பார்த்துச் சிரிப்பவர்கள், கணேஷ்குமார் சொன்னதை இன்னொருமுறை படித்துப் பார்க்கட்டும்.

முதல் வாசகத்தை லீலாவே எழுதினாள். 'ஜடையன், வயது 38, சென்ட்ரிங் தொழிலாளி. 1991 டிசம்பர் கலவரத்தில் தன் குடிசைக்குள் வைத்துப் பூட்டி எரித்துக் கொல்லப்பட்டார்.' அதை அவள் வாசித்துக் காட்டியபோது ராமக்காள் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். இத்தனை நாள் அவள் மட்டுமே சுமந்ததை முதன்முதலாக இன்னொருவர் எழுதி வாசிக்கக் கேட்டாள். அப்படியே தட்டச்சு அடித்து முத்திரை வைத்துக் கொடுத்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் பார்வையாளர்கள் இன்னும் பங்கேற்கவில்லையே.

மாதிரிக் கண்காட்சி ஒரு புதன்கிழமை திறந்தது. வருகிறவர் ஒவ்வொருவருக்கும் மூன்று சீட்டு. பிடித்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மனம் புண்பட்டால் சிவப்பு. எந்தப் பொருளுக்கு மூன்று சிவப்புச் சீட்டு விழுகிறதோ, அதன் வாசகம் திருத்தப்படும். யார் மனமும் புண்படாத நிலை வரும்வரை திருத்திக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் சிவநஞ்சப்பா இதை விளக்கிப் பேசினார். அவர் பேசியது கன்னடம்தான். ஹனூரில் பிறந்த ராமக்காளுக்கு இரண்டு பாஷையும் ஒன்றுதான் என்பதால் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"உலகத்தில் எந்த அருங்காட்சியகமும் நடந்ததைக் காட்டிவிடும். அதற்கு ஒரு திறமையும் வேண்டாம். நடந்ததை, அது நடந்தவருக்கும் நடத்தியவருக்கும் ஒருங்கே பிடிக்கும்படி காட்டுவதுதான் கலை."

எல்லோரும் கைதட்டினார்கள். ராமக்காளுக்குச் சட்டையில் குத்தும் அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதில் 'பங்கேற்பாளர் எண் 1' என்று எழுதியிருந்தது. அவள் சட்டை போடாததால் முந்தானையில் குத்திக்கொண்டாள். தனக்கும் மூன்று சீட்டு உண்டா என்று கேட்டாள்.

"நோடம்மா, இதைப் பாரம்மா" என்றார் இயக்குநர், மிகுந்த பரிவோடு. "நீ பார்வையாளர் இல்லை. நீ காட்சியின் ஒரு பகுதி. காட்சிப்பொருளுக்கு ஓட்டு கிடையாது. சிறுத்தைக்கும் நாங்கள் கொடுக்கவில்லை."

அன்று மிருகக்காட்சி சாலை பார்த்துவிட்டு மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் பெரும்பாலும் பார்வையாளர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிறுத்தையை இந்தக் கூடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதினார்கள். உடனே மாற்றப்பட்டது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மனைவி பயப்படுகிறாள் என்று சிவப்பு போட்டது. ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் தூக்குக்குண்டு சரியான எடையில் இல்லை என்று சிவப்பு போட்டார். எரித்துக் கொன்றது நாங்கள்தான் என்று சொல்லாமல் சொல்கிறீர்களா என்று ஒருவர் சிவப்பு போட்டார். அவரை யாரும் அப்படிக் கேட்கவேயில்லை. தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருவர், இத்தனை பெரிய இனத்துக்கு ஒரே ஒரு பிணமா என்று கேட்டு, அவரும் சிவப்பே போட்டார். மின்விசிறி இல்லை என்பதற்கும் ஜடையன் பெட்டிக்கு இரண்டு சிவப்பு விழுந்திருந்தது.

ஆய்வுக்குழு கூடியது. ஒரு பக்கத்தில் மட்டும் இறந்தவர் இருப்பது சமநிலையைக் கெடுக்கிறது என்று முடிவாயிற்று. எதிர்ப்பக்கத்திலிருந்து இதே வயதில், ஏறக்குறைய இதே உயரத்தில் ஒருவர் தேவை. மைசூரில் தேடியதில் அப்படி யாரும் உடனடியாகக் கிடைக்கவில்லை. எனவே எல்லைக்கு அப்பாலிருக்கும் ஒரு சகோதர அருங்காட்சியகத்துக்கு, பரிமாற்ற அடிப்படையில் ஆறு மாதத்துக்கு ஒருவரைத் தந்துதவும்படி கடிதம் போயிற்று. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கோரிய இனம் தற்போது இருப்பில் இல்லை, விரும்பினால் ஒரு முதுமக்கள் தாழி அனுப்ப இயலும், போக்குவரத்து உங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள். தாழி வந்து சேர்ந்தது. ஜடையனுக்கு எதிரே அதை வைத்தார்கள். ஆனால் தாழிக்குள் இருந்தவர் எப்படி இறந்தார் என்று தெரியாதபோது ஜடையன் எப்படி இறந்தார் என்று மட்டும் சொல்வது பாரபட்சம் அல்லவா. அதனால் 'பூட்டி', 'கொல்லப்பட்டார்' என்பவை எடுக்கப்பட்டன. 'குடிசையில் ஏற்பட்ட தீயில் இறந்தார்' என்று ஆயிற்று.

"இப்பிடி எழுதினா, அவரே பீடியப் போட்டுத் தீ வெச்சுக்கிட்ட மாதிரில்லீங்க இருக்குது" என்றாள் ராமக்காள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவள் ஒரு ஷிப்ட்டை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறாள். வந்தால் டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து, பங்கேற்பாளர் ஒத்துழைப்புக்கு நன்றி என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

லீலா அவளைத் தனியே அழைத்துப் போனாள். "நான் சண்டை போட்டுண்டுதான் இருக்கேன் ராமக்கா. ஆனா எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை" என்றாள். அது உண்மைதான். ராமக்காளுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. சந்துக்குள் குடியிருப்பவள் மல்லம்மா மட்டுமில்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

ராமக்காள் அன்று வீட்டுக்குப் போய் நெடுநேரம் யோசித்தாள். அவளுக்கு வேண்டியது கண்காட்சி அல்ல, முத்திரை. அடுத்த புதன்கிழமை குழுவின் முன்னால் போய் நின்றாள்.

"எப்பிடிச் செத்தாருன்னு நீங்க எழுத வேண்டாமுங்க. யாரு வெச்ச தீயின்னும் வேண்டாம். தீயே வேண்டாம். செத்துட்டாருன்னு ஒரு வார்த்தை மட்டும் எழுதிக் குடுத்துருங்க. அது போதுமுங்க எனக்கு."

அதைச் சொல்லும்போது அவளுக்கு ஜடையனை இரண்டாம் முறை தானே பூட்டிவைப்பது போல இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்தாள். குழுவில் இருந்தவர்களுக்கு மகிழ்ச்சி தாளவில்லை. டாக்டர் சிவநஞ்சப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"பார்த்தீர்களா? இதுதான் பங்கேற்பு. பாதிக்கப்பட்டவரே தன் பாதிப்பைக் குறைத்துக்கொள்ள முன்வருகிறார். பயிற்சியில் இதைப் பாடமாகச் சொன்னார்கள், நான் கண்ணால் பார்ப்பது இன்றைக்குத்தான்."

'ஜடையன், தொழிலாளி, 1991இல் இறந்தார்' என்று வாசகம் தயாராயிற்று. அதற்கு ஒரே ஒரு சிவப்புச் சீட்டுத்தான் விழுந்தது. அதுவும் மின்விசிறிக்காக. ராமக்காள் ஹனூருக்குக் கடிதம் எழுதச் சொல்லி, கருமாதிக்கு நாள் பார்க்கும்படி தொட்டையனுக்குச் சேதி அனுப்பினாள்.

பிறகு இலாகாப் பார்வையாளர் தினம் வந்தது. அரசாங்க அதிகாரிகளும் குடிமக்கள்தானே, அவர்களுக்கும் மனம் உண்டே, அதுவும் புண்படுமே என்று இயக்குநருக்குத் தோன்றியிருந்தது. தீயணைப்பு இலாகாவிலிருந்து வந்தவர்கள் பழைய வாசகத்தின் நகலைப் படித்துவிட்டு, தீ என்றாலே எங்களைத்தான் சொல்வார்கள் என்று சிவப்பு போட்டார்கள். தீ இப்போது இல்லையே என்றதற்கு, முன்பு இருந்ததே என்றார்கள். சுகாதார இலாகா, 'இறந்தார்' என்றால் எங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும், இல்லை, ஆகவே அவர் இறக்கவில்லை என்று சிவப்பு போட்டது. அப்படியானால் 'காணாமல் போனார்' என்று போடலாமா என்று லீலா கேட்டாள். போலீஸ் இலாகாவிலிருந்து வந்தவர், காணாமல் போனால் நாங்கள் கண்டுபிடித்திருப்போமே என்று சிரித்தபடியே தன் மூன்று சீட்டையும் சிவப்பாகவே வாங்கி ஒன்றாகப் போட்டார். போக்குவரத்து இலாகாவின் மனம் மட்டும் புண்படவில்லை. 'ஊரை விட்டுச் சென்றார்' என்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, அந்த வருஷம் பஸ்கள் நன்றாகவே ஓடின என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு மட்டும் ராமக்காளை அழைக்கவில்லை. அலுவல் சம்பந்தப்பட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு மந்திரி வருவதாக முடிவானது. பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பெண் ஒருத்தி குத்துவிளக்கு ஏற்றினால் நன்றாக இருக்கும், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள் என்று மந்திரி ஆபீசிலிருந்து சொன்னார்கள். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டார்கள். அந்தப் பெண் விதவை இல்லையே? இடைத்தேர்தல் வருகிற நேரம், மங்கள காரியத்தில் தடங்கல் கூடாது.

மந்திரி விழாக்களைக் கவனிக்கும் நெறிமுறை அதிகாரி ஒருவர் அதற்கென்றே ஹெப்பாளுக்கு வந்தார். ராமக்காள் தொழிற்சாலை முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தார்.

"தாலி இருக்கிறதே" என்றார். "அப்புறம் என்ன பிரச்சினை?"

"அது கருமாதி ஆகலீங்க சாமி. காயிதம் வந்தாத்தான் கழட்டோணும்."

"கழற்ற வேண்டாம், கழற்ற வேண்டாம். இருபத்தாறாம் தேதி வரைக்கும் அப்படியே இருக்கட்டும். புடவை மட்டும் கொஞ்சம் பளிச்சென்று கட்டிக்கொண்டு வா."

அவர் போய், பங்கேற்பாளர் சுமங்கலி என்று அறிக்கை கொடுத்தார். சுமங்கலி என்றால் புருஷன் இருக்க வேண்டும். இருப்பவர் எங்கேயாவது இருக்க வேண்டும். வாசகத்தில் ஏற்கெனவே ஊரை விட்டுச் சென்றிருந்த ஜடையனைக் குழு இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. எந்த இலாகாவும் எதிர்க்கவில்லை, மூன்று சுற்றில் ஒரு சிவப்பும் விழவில்லை. முழுக்க முழுக்கப் பச்சை விழுந்த முதல் வாசகம் இந்த மாநிலத்தில் இதுதான் என்று டாக்டர் சிவநஞ்சப்பா மேலிடத்துக்கு எழுதினார்.

விழா அன்று கூடத்தில் நீலத் துணியை அலை அலையாகக் கட்டி நதி செய்திருந்தார்கள். கரையில் சிறுத்தை நின்றது. எதிரே தாழி. சுவரெல்லாம் மீன்களின் படங்கள். கலவரம் என்ற சொல் எங்கேயும் இல்லை. ராமக்காள் கனகாவின் புடவையைக் கட்டிக்கொண்டு, இன்றோடு எல்லாம் தீர்ந்தது என்ற நிம்மதியில் ஐந்து திரியையும் ஏற்றினாள். கேமராக்கள் மின்னின. மந்திரி அவளைக் கும்பிட்டார். இயக்குநர் பேசினார்.

"இந்தக் கூடத்தில் நுழைகிறவர் எதை நினைத்துக்கொண்டு வந்தாரோ அதையே நினைத்துக்கொண்டு வெளியே போவார். அவர் மனதில் ஒரு சிறு கீறலும் விழாது. அதற்காகப் பதினான்கு பேர் எட்டு மாதம் உழைத்திருக்கிறோம். வரலாறு நம்மைப் புண்படுத்தியது. நாம் வரலாற்றைப் புண்படுத்தாமல் திருத்தியிருக்கிறோம்."

கூட்டம் சிற்றுண்டிப் பக்கம் நகர்ந்ததும் ராமக்காள் பெட்டியருகே போனாள். அவளுக்குப் படிக்க வராது. போட்டோவில் ஜடையன் எப்போதும் போல முறைத்துக்கொண்டு இருந்தான். லீலா தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, வாங்க. படிச்சுச் சொல்லுங்க."

"அப்புறமா நகல் தரேன் ராமக்கா."

"இப்பப் படிங்க."

லீலா படித்தாள். குரல் பாதியில் தேய்ந்து போனது. 'நதிக்கரை உழைப்பாளி திரு. ஜடையன். 1991இல் மேலான வாழ்வு தேடித் தம் விருப்பத்தின் பேரில் ஊரை விட்டுச் சென்றார். நலமாக இருக்கிறார். இங்குள்ளது அவர் பயன்படுத்திய தூண்டில் குண்டு. கொடை: அவருடைய துணைவியார்.' கீழே டாக்டர் சிவநஞ்சப்பாவின் கையெழுத்தும் நீல முத்திரையும் இருந்தன. முத்திரை மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

"இதென்னுங்க இது" என்றாள் ராமக்காள். "அவரு மீனே புடிச்சதில்லீங்களே."

அதைத்தான் அவளால் முதலில் சொல்ல முடிந்தது. லீலா அழுதாள். ராமக்காள் அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. கண்ணாடியைத் தொட்டபோது காவலாளி வந்து தொடக்கூடாது என்று சொன்னான். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

இத்தோடு விட்டிருந்தாலாவது பழையபடி காகிதம் இல்லாதவளாக இருந்திருப்பாள். ஆனால் அருங்காட்சியகம் சொன்ன சொல் தவறாத நிறுவனம். பங்கேற்பாளர் எண் 1 தாலூகா ஆபீசுக்கு ஒரு நகல் தேவை என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தார் அல்லவா. சான்றொப்பமிட்ட நகல் பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்தது. மாதக் கடைசியில் ராமக்காள் போனபோது கணேஷ்குமார் எழுந்து நின்று வரவேற்றார். இத்தனை வருஷத்தில் அவர் எழுந்து நின்றது அதுவே முதல் தடவை.

"வாம்மா, நல்ல சேதி. உன் வீட்டுக்காரர் உயிரோடதான் இருக்கார். சர்க்கார் காகிதமே வந்துடுச்சு. ஃபைலை முடிச்சுட்டேன்."

"அது பொய்யுங்க. அவுங்களா எழுதிக்கிட்டதுங்க."

"முத்திரை இருக்கேம்மா" என்றார் கணேஷ்குமார், ஒரு குழந்தைக்குச் சொல்வது போல. "நீ வாயால சொல்றதை வெச்சுச் சாகடிக்க முடியலை. அவங்க முத்திரையோட சொல்றதை வெச்சு உயிரோட இருக்க வைக்க முடியுது. சட்டம் அப்படி. காணாமல் போனவர் கிடைச்சா ஸ்டேஷனுக்கு ஒரு நகல் அனுப்பணும், அதையும் அனுப்பிட்டேன்."

ஹனூரிலிருந்து தொட்டையன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். அண்ணன் உயிரோடு இருப்பதாகப் பேப்பரிலேயே வந்திருக்கிறது, படத்தில் அண்ணி விளக்கேற்றுகிறார்கள், நல்லவேளை நாம் அவசரப்பட்டுக் கருமாதி செய்யவில்லை என்று. கூடவே அவளுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையலும் குங்குமமும் வந்தன. ராமக்காள் அதைப் பிரிக்காமல் பரணில் போட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் வந்தார். வயசானவர். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததில் மூச்சு வாங்கியது. ராமக்காள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"ஜடையன் இருக்காராம்மா?"

"எதுக்குங்க?"

"வாரண்ட்" என்றார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு விளக்கினார். அந்த டிசம்பரில் அந்தப் பக்கம் ஐம்பது பேர், இந்தப் பக்கம் ஐம்பது பேர் என்று கேஸ் போடச் சொல்லி மேலிருந்து உத்தரவு. இந்தப் பக்கம் கையில் கிடைத்தது நாற்பத்தாறுதான். மீதி நாலுக்கு, எரிந்த குடிசைக்காரர்களின் பட்டியலிலிருந்து பேர் எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் மூன்றாவது பேர் ஜடையன். கும்பலாகக் கூடிக் குடிசைகளுக்குத் தீ வைத்ததாகக் குற்றம். ஆள் காணவில்லை என்று இத்தனை நாளாகக் கிடப்பில் இருந்தது. இப்போது நலமாக இருப்பது தெரிந்துவிட்டதால் கோர்ட் பிடித்து வரச் சொல்கிறது.

"அவரு செத்துட்டாருங்க" என்றாள் ராமக்காள்.

"அப்படின்னா சாவு சர்ட்டிபிகேட் குடும்மா. இதோட சேர்த்து அனுப்பிட்டா கேஸ் அன்னிக்கே முடிஞ்சுது. இல்லைன்னா நான் மாசாமாசம் வந்துதான் ஆகணும். எனக்கு மட்டும் ஆசையா?"

அவர் முகத்தில் கபடம் இல்லை. வேலை முடிந்தால் போதும் என்று நின்றார். ராமக்காள் அவரையே பார்த்தாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அவளுக்கு அப்போது ஜடையனைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

"புடிங்க சார்" என்றாள். "நல்லாத் தேடிப் புடிங்க. புடிச்சீங்கன்னா கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால எனக்கும் ஒருக்காக் காட்டிட்டுப் போங்க."

போலீஸ்காரர் காகிதத்தின் பின்பக்கம் தேதியும் நேரமும் குறித்தார். ஆள் வீட்டில் இல்லை என்றும், மனைவி ஒத்துழைப்பு அளிக்கிறார் என்றும் எழுதி, அவளுடைய கைரேகையை வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டைத் தேடிப் போனார்.